கொங்கு நாட்டில் புதிதாகக் குடியேறுவோருக்கு: காவல் நிலையம், ரோந்து, அக்கம்பக்கம் – ஒரு வழிகாட்டி

திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களுக்கும், கோவையின் மோட்டார் பம்பு பட்டறைகளுக்கும், ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும், பல்லடம் சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களுக்கும், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளுக்கும் வேலை தேடி வருகிறவர்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்தவுடன் வாடகை வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, எரிவாயு இணைப்பு, ரேஷன் அட்டை முகவரி மாற்றம் என்று ஒவ்வொன்றாக முடிக்கிற குடும்பங்கள், தாங்கள் எந்தக் காவல் நிலையத்தின் எல்லைக்குள் வாழ்கிறோம் என்பதை மட்டும் ஏதேனும் நடந்த பிறகுதான் விசாரிக்கின்றன. அந்த நேரத்தில் கையும் காலும் ஓடாது. ஆகவே இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் பெரும்பாலான வேலைகள், குடிவந்த முதல் சில வாரங்களில் பதற்றமில்லாமல் செய்து முடிக்க வேண்டியவை.

எந்த நிலையம் உங்களுடையது

கோவை, திருப்பூர், சேலம் ஆகிய மூன்று மாநகரங்களிலும் காவல் ஆணையரின் கீழ் மாநகரக் காவல் இயங்குகிறது. அந்த மாவட்டங்களின் மற்றப் பகுதிகளும், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்கள் முழுவதும், காவல் கண்காணிப்பாளரின் கீழ் வருகின்றன. அனுப்பர்பாளையம், நல்லூர், வீரபாண்டி ஆகிய நிலையங்கள் திருப்பூர் மாநகரக் காவலைச் சேர்ந்தவை. அவிநாசியும் பல்லடமும் காங்கயமும் திருப்பூர் மாவட்டக் காவலைச் சேர்ந்தவை. கோவையிலும் இதே நிலைதான்: சூலூரும் அன்னூரும் நகரத்துக்கு அருகில் இருந்தாலும் மாவட்டக் காவலுக்கு உட்பட்டவை. எனவே வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் நிலையம்தான் உங்களுடையது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரே சாலையின் இரு பக்கங்களும் இரண்டு நிலையங்களுக்கு உரியவையாக இருப்பது இங்கே சாதாரணம். வீட்டு உரிமையாளரிடமோ, தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமோ, "ஏனுங்க, நம்ம பக்கம் எந்த ஸ்டேஷனுங்க?" என்று கேட்டால் சரியான பதில் கிடைத்துவிடும். பிறகு ஒரு முறை நேரில் சென்று உறுதி செய்துகொள்வது நல்லது.

அப்படிச் செல்லும்போது சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து என்ற பிரிவுகள் அதே கட்டடத்தில் உள்ளனவா, உங்கள் பகுதிக்குரிய அனைத்து மகளிர் காவல் நிலையம் எங்கே உள்ளது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில் நிலைய வளாகத்திலும் ஓடும் ரயிலிலும் நடப்பவை ரயில்வே காவலைச் சேர்ந்தவை. அதற்கு 139 என்ற எண்ணை அழைக்கலாம்.

எல்லை தெரியாத நிலையில் ஒரு குற்றம் நடந்துவிட்டால் அதற்காக அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்தற்குரிய குற்றம் எந்த இடத்தில் நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அதைப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவது காவல் துறையின் பொறுப்பு. "இது எங்க லிமிட் இல்லை" என்று சொல்லப்பட்டால் இந்தப் பிரிவைப் பணிவோடு நினைவூட்டுங்கள்.

அவசர அழைப்புக்கு முகவரியைத் தயாராக வைத்திருங்கள்

112, 100 ஆகிய எண்களை அழைக்கும்போது மறுமுனையில் எடுப்பவர் உங்கள் தெருவை அறிந்தவராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கொங்கு நாட்டில் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்கள், பாளையம் என்று முடியும் ஊர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். "புதூர் மாரியம்மன் கோயில் பக்கம்" என்று சொன்னால் ரோந்து வண்டி எங்கே போகும்? மாவட்டம், வட்டம், ஊராட்சி அல்லது வார்டு, முதன்மைச் சாலையிலிருந்து திரும்ப வேண்டிய இடம், அங்கே கண்ணுக்குத் தெரியும் அடையாளம் என்ற வரிசையில் ஐந்து வரிகளை ஒரு தாளில் எழுதி, வீட்டுக் கதவின் உட்புறத்தில் பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள். அதே தாளில் காவல் நிலையத்தின் தொலைபேசி எண்ணும், தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையப் பண மோசடிக்கு 1930 என்ற எண்களும் இருக்கட்டும். 2022இல் தமிழ்நாடு காவல் துறை வெளியிட்ட காவல் உதவி செயலியையும் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். அதன் சிவப்பு நிற அவசரப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். இரவுப் பணி முடிந்து தனியே திரும்பும் பெண்களுக்கு இது மிகவும் பயன்படும்.

வாடகைக்கு வரும்போது

லைன் வீட்டுக்கோ காம்பவுண்டு வீட்டுக்கோ குடிபோகும்போது உரிமையாளர் ஆதார் நகலும் நிழற்படமும் கேட்பார். இந்த ஊர்களில் அது வழக்கம், அதில் தவறேதும் இல்லை. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுப்பதும், நகலின் மேல் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திடுவதும் போதிய பாதுகாப்பு. எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் ஒன்றை வற்புறுத்திப் பெறுங்கள். பின்னாளில் புகார் கொடுக்க நேர்ந்தால் உங்கள் முகவரிக்கு அதுவே முதல் சான்று. வேலைக்கு நன்னடத்தைச் சான்று கேட்கப்பட்டால், தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம்; இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ரோந்துக் காவலரை அறிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு காவல் நிலைய எல்லையும் பீட் எனப்படும் பல ரோந்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் காவலர்கள் ஒதுக்கப்படுகிறார்கள். கோயில் சுவரிலோ, வங்கி வாசலிலோ, குடியிருப்பின் நுழைவாயிலிலோ பட்டா புத்தகம் என்ற சிறிய நோட்டு வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரவு ரோந்து வரும் காவலர் வந்த நேரத்தை எழுதி அதில் கையெழுத்திடுவார். சில இடங்களில் நோட்டுக்குப் பதிலாகக் கியூ.ஆர். குறியீடு ஒட்டப்பட்டிருக்கும், அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்வார். உங்கள் தெருவில் இவை இரண்டுமே இல்லையென்றால், தெருவாசிகள் சிலர் சேர்ந்து நிலைய ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதி, ரோந்துப் புள்ளியில் தங்கள் தெருவையும் சேர்க்கக் கேட்கலாம். பத்துப் பேர் கையெழுத்திட்ட அரைப்பக்க மனுவுக்கு இருக்கும் மதிப்பு, ஒருவர் பத்து முறை தொலைபேசியில் அழைப்பதற்கு இருப்பதில்லை.

பகலில் ஒரு நாள் நிலையத்துக்குச் சென்று, வரவேற்பில் இருப்பவரிடமோ, நிலையத்தின் எழுத்துப் பணியைப் பார்க்கும் ரைட்டரிடமோ உங்கள் பகுதி பீட் காவலர் யார் என்று கேட்டு, அவருடைய எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆய்வாளர் மாறுவார், பீட் காவலரும் மாறுவார்; ஆகவே அவ்வப்போது இதைப் புதுப்பிக்க வேண்டும்.

தீபாவளியும் பொங்கலும் திருப்பூருக்கு ஒரு தனிச் சூழலை உண்டாக்குகின்றன. போனஸ் வாங்கிய கையோடு மதுரை, தேனி, சிவகங்கை, திருநெல்வேலி என்று சொந்த ஊர்களுக்குக் குடும்பங்கள் கிளம்பிவிட, லைன் வீடுகளில் வரிசையாகப் பூட்டுகள் தொங்குகின்றன. ஊருக்குப் போகும் முன் நிலையத்தில் வீட்டு முகவரி, கிளம்பும் நாள், திரும்பும் நாள், தொடர்பு எண் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் ரோந்தில் அந்த வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைக்க முடியாதவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்வதோ, நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைப்பதோ நல்லது. வாசலில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் சேராமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். ஊருக்குப் போகும் படங்களைத் திரும்பி வந்த பிறகு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம்.

இன்னொன்றையும் இப்போதே செய்து முடியுங்கள். நகைகளை ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்து, எடையையும் கடை ரசீதையும் சேர்த்து வையுங்கள். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எனும் கருவியின் அடையாள எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கைப்பேசி பறிபோனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகு, மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சி.இ.ஐ.ஆர். இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துக் கருவியை முடக்கலாம். வேறொரு சிம் போட்டு அதைப் பயன்படுத்த முயன்றால் தகவல் கிடைக்கும்.

தோட்டத்துச் சாளையில் வசிப்பவர்களுக்கு

கொங்கு நாட்டின் குடியிருப்பு அமைப்பே மற்றப் பகுதிகளிலிருந்து வேறானது. ஊருக்குள் நெருக்கமாக வாழாமல், அவரவர் காட்டின், அதாவது விளைநிலத்தின், நடுவே சாளை எனப்படும் தோட்டத்து வீடு கட்டி வாழும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக உள்ளது. பிள்ளைகள் கோவைக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, வயதான கணவனும் மனைவியும் தனியே இருக்கும் சாளைகள் இன்று ஏராளம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டதும், 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே முதிய தம்பதி கொல்லப்பட்டதும் இந்தப் பகுதியையே உலுக்கின. அவற்றுக்குப் பின் தனித்த தோட்டத்து வீடுகளைக் கணக்கெடுப்பதும் ரோந்தை அதிகப்படுத்துவதும் நடந்தன. ஆயினும் எல்லாச் சாளைக்கும் எல்லா இரவும் ரோந்து வர இயலாது என்பதை மனத்தில் கொண்டுதான் நம் ஏற்பாடுகள் அமைய வேண்டும்.

தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குடிவருகிறவர்களும், பண்ணை வேலைக்குக் குடும்பத்தோடு தங்குகிறவர்களும், காடுகளை மனையாகப் பிரித்த புது லே-அவுட்டில் முதல் வீடு கட்டி வருகிறவர்களும் முதலில் செய்ய வேண்டியது, தங்கள் வீடு நிலையத்தின் தனி வீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பது. இல்லையெனில் எழுதிக் கொடுத்துச் சேர்ப்பது. அடுத்து, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உள்ள மூன்று நான்கு சாளைக்காரர்களோடு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரவு எட்டு மணிக்கும் காலையில் பால் ஊற்றும் வேளைக்கும் ஒருவரை ஒருவர் அழைத்துப் பேசுவது. அழைப்பு எடுக்கப்படவில்லையென்றால் தனியாகப் போகாமல் இருவராகப் போய்ப் பார்ப்பது. பால் சொசைட்டிக்கு வழக்கமாக வருகிறவர் வராத நாளில் அவர் வீட்டுக்கு ஒரு அழைப்பு விடச் சொல்லி, பால் அளப்பவரிடமும் கூறி வைக்கலாம்.

வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் விளக்கு எரிய வேண்டும். அவற்றின் சுவிட்சு வீட்டுக்குள் படுக்கைக்கு அருகில் இருக்க வேண்டும். இரவில் நாய் தொடர்ந்து குரைத்தால் கதவைத் திறந்து வெளியே வருவதுதான் நம் இயல்பு; அதைச் செய்யாதீர்கள். உள்ளிருந்தபடியே விளக்குகளைப் போட்டு, பக்கத்துச் சாளைக்கு அழைத்து, பிறகு 112க்கு அழையுங்கள். வளர்ப்பு நாய் காரணம் தெரியாமல் இறந்தாலோ காணாமல் போனாலோ அதை அற்பமாக எண்ணாமல் பீட் காவலருக்குத் தெரிவியுங்கள். கண்காணிப்புக் கேமரா வைப்பவர்கள், பதிவுப் பெட்டியைக் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கக் கூடாது; திருட வருகிறவர் முதலில் அதைத்தான் கழற்றுவார். அதை உள்ளறையில் மறைவாக வைத்து, ஒரு கேமராவாவது வண்டித்தடத்தைப் பார்க்கும்படி அமையுங்கள். பக்கத்து வீட்டின் முற்றத்தையோ குளியலறைப் பக்கத்தையோ அது பார்க்கக் கூடாது.

காங்கயம், தாராபுரம் பக்கம் பட்டியிலிருந்து ஆடு திருடு போவதும், கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியை அறுத்துச் செல்வதும் பலராலும் புகாராக்கப்படுவதில்லை. "ரண்டு ஆடு போனதுக்கு ஸ்டேஷனுக்கு அலையறதுங்களா?" என்ற அலுப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் ரோந்து போக வேண்டும் என்பது நிலையத்தில் பதிவானவற்றை வைத்தே முடிவாகிறது. பதிவாகாத சிறு திருட்டுகள், அந்தப் பகுதி அமைதியாக இருப்பதாகத் தோன்றச் செய்கின்றன. ஆகவே தயங்காமல் எழுதிக் கொடுங்கள்.

தெருவிளக்கு எரியாததையும், சீமைக்கருவேலம் மண்டிய வண்டித்தடத்தையும் ஊராட்சிதான் சரி செய்ய வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் நடைபெறும் கிராம சபையில் இதைப் பேசித் தீர்மானமாக எழுத வையுங்கள்.

புகார் எழுதுவதும் ரசீது பெறுவதும்

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நிலையத்தில் பேசிவிட்டு வந்தால் அது புகார் ஆகாது. எழுத்தில் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் காவலர் எழுதிப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். தமிழிலேயே எழுதுங்கள். அனுப்புநர், பெறுநர் எழுதி, பொருள் என்று ஒரு வரி; அதன் பின் எப்போது, எங்கே, என்ன நடந்தது, யார் செய்தார், யார் பார்த்தார், என்ன போயிற்று என்பவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். "வெள்ளிக்கிழமை இரவு ஏறக்குறைய 9.30 மணிக்கு, கம்பெனி முடிந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து வரும்போது, பின்னால் கறுப்பு நிற மோட்டார் சைக்கிளில் வந்த இருவரில் பின்னால் அமர்ந்திருந்தவர் என் கைப்பேசியைப் பறித்தார்" என்ற ஒரு வரியில் விசாரணைக்குத் தேவையானவை பெரும்பாலும் வந்துவிடுகின்றன. உறுதியாகத் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். சந்தேகப்படுகிறவர் பெயரைச் சொல்வதானால், ஏன் சந்தேகம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு நகல் எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியுடன் நிலைய முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

புகாரைக் கொடுத்தவுடன் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது. அது சிறிய தாள்தான். ஆனால் அதில் நிலையத்தின் பெயர், எண்ணும் ஆண்டும், தேதி, மனுவின் சுருக்கம், பெற்றுக்கொண்ட அதிகாரியின் கையெழுத்து ஆகியவை உள்ளனவா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். இந்த ரசீது கிடைத்துவிட்டதால் வழக்குப் பதிவாகிவிட்டது என்று பொருள் அல்ல. வழக்கு என்பது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதிவான பிறகே தொடங்குகிறது. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. அந்தக் காலம் முடிந்ததும் சென்று கேளுங்கள். மின்னணு முறையில் தகவல் அனுப்பியிருந்தால் மூன்று நாள்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். விசாரணை எந்த அளவில் உள்ளது என்பதை 90 நாள்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது காவல் துறையின் கடமை.

ஓட்டுநர் உரிமம், கல்விச் சான்று போன்றவை தொலைந்திருந்தால் நிலையத்துக்கு அலையாமல், காவல் துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையை நீங்களே பதிவு செய்து அச்செடுத்துக்கொள்ளலாம்.

சாட்சியாக அழைக்கப்படுவோம் என்ற அச்சத்தால் பார்த்ததைச் சொல்லாமல் போகிறவர்கள் பலர். பெண்கள், 15 வயதுக்குக் கீழானவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். நிலையத்துக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது.

பணத்தைக் குறிவைக்கும் மோசடிகள்

இணையத்தில் பணம் போனால் முதலில் 1930. நிலையம் அதற்குப் பிறகு. பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் நிறுத்திவைக்க அதுவே வழி. காவலர் போல் காணொளியில் அழைத்து, உங்களைக் கைது செய்திருப்பதாக மிரட்டிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்; "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. வாரச் சம்பளக்காரர்களைக் குறிவைக்கும் இன்னொரு வலை உண்டு: உங்கள் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சில நாள்களுக்குக் கொடுத்தால் கமிஷன் தருவதாகச் சொல்வார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கின் வழியே போகும். வழக்கு உங்கள் பெயரில் வரும். பெருந்துறையை மையமாகக் கொண்டு ஈமு கோழியின் பெயரால் திரட்டப்பட்ட முதலீடு 2012இல் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் நொடித்தன என்பதை இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். அத்தகைய வைப்புத்தொகைப் புகார்களைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரிக்கிறது.

பெண்களும் பிள்ளைகளும்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். பனியன் கம்பெனிக்கும் இது பொருந்தும். சேர்ந்தவுடன் அதன் உறுப்பினர்கள் யார் என்று கேட்டறியுங்கள். 2022இல் கோவை மாநகரக் காவல் தொடங்கிய "போலீஸ் அக்கா" திட்டத்தில் கல்லூரிகளுக்குப் பெண் காவலர்கள் பொறுப்பாக்கப்பட்டனர். அதே ஆண்டு கோவை மாவட்டக் காவல், பள்ளிக் குழந்தைகளிடம் பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பேசும் "பள்ளிக்கூடம்" திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு இப்படி யாரேனும் வருகிறார்களா என்று கேளுங்கள். வராவிட்டால் வரவழைக்கப் பெற்றோர் மனு கொடுக்கலாம். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டத்தின்படி குற்றம். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கும் விஷயம் அல்ல அது.

விழிப்பு வேறு, சந்தேகம் வேறு

இந்தப் பகுதியை நான் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன். தெருக் காவலுக்கென்று தொடங்கப்படும் வாட்ஸ்அப் குழு, சில நாள்களிலேயே இந்தி பேசும் இளைஞர்களின் படங்களை "உஷார்" என்ற சொல்லோடு பகிரும் இடமாகிவிடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது, திருப்பூரிலும் கோவையிலும் அச்சமடைந்த தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்ப ரயில் நிலையத்தில் திரண்டார்கள். காவல் துறை இந்தியில் விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. வதந்தி எந்தப் பக்கமும் பாயும். குழுவில் நடத்தையைப் பற்றி மட்டும் எழுதுவது என்று விதி செய்யுங்கள்: எண் பலகை இல்லாத வண்டி, பூட்டிய வீட்டின் சுவரேறுதல், அதன் நேரம், இடம். முகத்தையும் மொழியையும் ஊரையும் குற்றமாக எழுதாதீர்கள். அதே காம்பவுண்டில் இருக்கும் ஒடிசா, பீகார் குடும்பத்தினரையும் குழுவில் சேர்த்து, 112ஐ அழைக்க அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தைப் பறிகொடுப்பதில் அவர்களும் உண்டு.

காவல் துறையோடு சேர்ந்து இயங்கிய "போலீஸ் நண்பர்கள்" அமைப்புக்குத் தமிழ்நாடு அரசு 2020 ஜூலையில் தடை விதித்தது. ஆகவே சீருடையோ அடையாள அட்டையோ இல்லாமல் அந்தப் பெயரில் யாரேனும் வண்டியை நிறுத்தினாலும், வீட்டைச் சோதிக்க வந்தாலும் இணங்க வேண்டாம்.

திருடரைக் கண்முன்னே பிடித்துவிட்டால் அடிக்காதீர்கள், கட்டிவைக்காதீர்கள். பிணையில் விட முடியாத, கைது செய்தற்குரிய குற்றத்தைத் தன் முன்னிலையில் செய்தவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம்; ஆனால் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, சாதி, பிறந்த ஊர், மொழி போன்ற காரணங்களால் ஒருவரைக் கொன்றால், அதில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா வழி செய்கிறது.

நிலையத்தில் நியாயம் கிடைக்காதபோது

புகாரை வாங்க மறுத்தாலோ, ரசீதோடு நின்றுவிட்டாலோ, அதே 173ஆம் பிரிவின்படி புகாரை எழுத்தில் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகரமானால் காவல் ஆணையருக்கும் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த அலுவலகங்களில் புதன்கிழமை நடைபெறும் குறைதீர்க்கும் முகாமில் நேரிலும் கொடுக்கலாம். முதல்வரின் முகவரித் துறையின் 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். அதன் பிறகும் வழக்குப் பதிவாகவில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் 15100ஐ அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் செல்லலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச உதவி கிடைக்கும். போகும்போது புகாரின் நகல், மனு ஏற்பு ரசீது, அஞ்சல் ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.